புதுத் துணிய வெட்டித் தைக்கிறது வீண் செலவு இல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை வாசகர் பக்கத்துல ஒரு அம்மா எழுதியிருந்தாங்க, இப்ப உள்ள பொம்பளைங்க செட் செட்டா புதுத் துணி வாங்கி, அத துண்டு துண்டா வெட்டி மறுபடியும் ஒண்ணா சேத்துத் தைக்கிறாங்க, கிழிஞ்சத ஒட்டுப்போட்டா சிக்கனம், நல்லத வெட்டி ஒட்டுப்போட்டா அது காசுக்குப் பிடிச்ச கேடுன்னு. அவங்க வயசுக்கும் அனுபவத்துக்கும் மரியாதை குடுத்துத்தான் இத எழுதுறேன். துண்டுத் துணிங்கள ஒண்ணா சேத்துத் தைக்கிற இந்த பேட்ச்வொர்க் பத்தி நம்ம தமிழ்ப் பேப்பர்ல பேச்சு வர்றதே அபூர்வம், வந்தது இப்படி வந்துடுச்சேன்னு மனசு கேக்கல.

முதல்ல இந்த புதுத் துணி கலெக்‌ஷன்னா என்னன்னு சொல்லிடறேன், ஏன்னா அந்தக் கடிதத்துல அத சாதாரண சட்டைத் துணி மாதிரி நெனச்சுத்தான் எழுதியிருக்காங்க. குவில்ட்டுக்குன்னே, அதாவது நடுவுல பஞ்சு வச்சுத் தைக்கிற ஒட்டுத்துணிப் போர்வைக்குன்னே, காட்டன் போடுற கம்பெனிங்க, ஒரு டிசைனர் வரைஞ்சத வச்சு ஒரே சமயத்துல இருபது முப்பது டிசைன் அச்சடிப்பாங்க. எல்லாம் ஒரே கலர்ல ஒண்ணுக்கொண்ணு சேர்ந்து போற மாதிரி இருக்கும், பெரிய பூ ரெண்டு மூணு, நடுத்தரமா கொடி, இலை, அப்புறம் பொடிப் புள்ளி, கோடு, கட்டம், தூரத்துல பாத்தா வெறும் கலரா தெரியிறது கொஞ்சம். இதுல எல்லாத்துலயும் ஒரு துண்டு வேணும்கிறவங்களுக்காக கட்டுக் கட்டா விக்கிறாங்க. 5 இன்ச் சதுரமா வெட்டி அடுக்கினது சார்ம் பேக், மோடா கம்பெனி கட்டுல வழக்கமா 42 சதுரம் இருக்கும். இரண்டரை இன்ச் அகலத்துல நீளமா வெட்டிச் சுருட்டினது ஜெல்லி ரோல், 10 இன்ச் சதுரம் லேயர் கேக், ஒரு கஜத்த நீட்டமா நாலா வெட்டாம 18க்கு 22 இன்ச்சா அகலமா வெட்டினா ஃபேட் குவார்ட்டர். இதுல சார்ம் பேக்க வாங்கி யாரும் பாவாடை தைக்க முடியாது, பையனுக்கு சட்டை தைக்க முடியாது. அது கடையிலேயே வெட்டித்தான் வருது, சேத்துத் தைக்கிறதுக்குன்னே வருது. அதனால நல்ல துணிய கெடுக்குறாங்கங்கிற பேச்சுக்கே அங்க எடமில்லீங்க.

ஆனா அந்த அம்மா சொன்னதுல ஒரு பாதி நெசம் இருக்கு, அத மறைக்க எனக்கு இஷ்டமில்ல. நெறைய பேரு வாங்குறாங்க, தைக்கிறதில்ல. ஒரு கலெக்‌ஷன பெரும்பாலும் ஒரு தடவைதான் அச்சடிப்பாங்க, தீந்தா தீந்ததுதான், அதனால ஐயோ போயிடுமேன்னு வாங்கி, அப்புறம் வெட்ட மனசு வராம ரிப்பன் கட்டு பிரிக்காமலே அலமாரியில வச்சு பாத்துக்கிட்டே இருக்கிறது. குளிர் ஊர்ல வேணா அது நடக்கும். பினாங்குல நடக்காது. வருஷம் பூரா இங்க காத்துல ஈரம், மழை மாசத்துல கேக்கவே வேணாம், மடிச்ச காட்டன் அலமாரியில கெடந்தா மடிப்பு விழுந்த எடத்துல மஞ்சக் கோடு விழும், பழுப்புப் புள்ளி வரும், பூசண வாசம் ஏறும், துணியில இருக்கிற கஞ்சிக்குப் பூச்சி வரும். பிளாஸ்டிக் டப்பாவுல இறுக்கமா மூடி வச்சா இன்னும் மோசம், உள்ள இருக்கிற ஈரம் உள்ளயே நிக்கும். அதனால நான் பாக்குற பொம்பளைங்ககிட்டல்லாம் சொல்றது ஒண்ணுதான், வாங்கின மாசமே கட்ட பிரிங்க, பெருசா கனவு காணாதீங்க, சின்னதா தைங்க.

ஏன் சின்னதுங்கிறேன்னா, பெரிய குவில்ட்ட முதல்ல ஆரம்பிச்சவங்க முக்கால்வாசிப் பேரு பாதியில விட்டுட்டுப் போறத நான் கண்ணால பாக்குறேன். அதுல கணக்கு இருக்குங்க. பேட்ச்வொர்க்ல தையல் ஓரம் கால் இன்ச்தான் பிடிக்கணும், அதுவும் நூலளவு கொறச்சு, ஏன்னா மடிக்கிற எடத்துல துணி கொஞ்சம் தின்னும். கை பழகாதவங்க 1/16 இன்ச் கூடப் பிடிச்சுடுவாங்க, பாத்தா தெரியவே தெரியாது, ஆனா சேத்துத் தைக்கிற ரெண்டு துண்டுலயும் அது போகுது, அப்ப ஒரு தையலுக்கு 1/8 இன்ச். குஷன் கவர்ல ஒரு வரிசைக்கு மூணு தையல், மொத்தமா 3/8 இன்ச் சுருங்கும், அத ஓரத்துல வெட்டி சமாளிச்சுக்கலாம். அதே கட்டில் அளவு போர்வையில வரிசைக்கு பதினஞ்சு தையல் வந்தா ரெண்டு இன்ச் கிட்ட ஓடிப்போயிடும், பக்கத்து வரிசையில வேற அளவு ஓடியிருக்கும், அப்புறம் மூலைக்கு மூலை சேராது, பிரிக்கணும், பிரிச்சா ஓரம் நைஞ்சுபோகும், மனசு விட்டுப்போகும். சின்னத் தையல்ல கையும் கண்ணும் பழகும், துணியும் நமக்குப் பழகும், இந்தப் பச்சை அந்த மஞ்சள் பக்கத்துல வச்சா மங்கிப்போகுதேங்கிறது தைச்சுப் பாத்தாத்தான் தெரியும், கட்டா வச்சுப் பாத்தா தெரியாது.

ஒரு சார்ம் பேக் 42 சதுரத்த எப்படி செலவு பண்ணலாம்னு கேக்குறவங்களுக்கு நான் சொல்ற கணக்க இங்கயும் எழுதுறேன். 16 சதுரத்த நாலுக்கு நாலா தைச்சா, கால் இன்ச் ஓரமெல்லாம் உள்ள போனதுக்கப்புறம் பதினெட்டரை இன்ச் வரும், சுத்தித் தைச்சுத் திருப்பினா 18 இன்ச் குஷனுக்குச் சரியா உக்காரும். பின்பக்கம் ஜிப்பு வேணாம், வீட்ல உள்ள சாதா காட்டன்ல ரெண்டு துண்டு ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்கிற மாதிரி வச்சா தலகாணி உறை மாதிரி கழட்டித் துவைச்சுக்கலாம். அடுத்தது, வேற வேற டிசைன்ல நாலு சதுரம் எடுத்து ஒவ்வொண்ணையும் நாலா வெட்டினா இரண்டரை இன்ச்ல பதினாறு துண்டு, நாலு நாலா மாத்தி மாத்தி சேத்தா தண்ணி கிளாஸ், காப்பி கப்பு வைக்க நாலு மேட், ஒவ்வொண்ணுலயும் நாலு டிசைனும் இருக்கும். இதுக்கு உள்ள வைக்க கடையில விக்கிற பஞ்சு ஷீட் தேவையில்ல, பழைய குளிக்கிற துண்டு போதும், சூடான பாத்திரம் வைக்கிறதா இருந்தா பாலியஸ்டர் பஞ்சு வைக்கவே வைக்காதீங்க, அது சூட்டுக்கு உருகும், காட்டன்தான் வேணும். அப்புறம் மூணுக்கு ரெண்டா தைச்சு ரெண்டு பக்கத்துக்கும் பன்னெண்டு சதுரம் போட்டா நல்ல அகலமான ஜிப்பு பை ஒண்ணு, பாஸ்போர்ட், பேங்க் புக், மாத்திரை டப்பா எல்லாம் அடங்கும். இதுவரைக்கும் 32 போச்சு, மிச்சம் பத்து.

அந்தப் பத்த நான் கைத்தையலுக்கு வைக்கச் சொல்வேன், மிஷின் இல்லாதவங்க இதையே முதல்ல ஆரம்பிக்கலாம். ஒரு பக்கம் 1 இன்ச் உள்ள அறுகோணத்த கெட்டித் தாள்ல வெட்டி, அது மேல துணிய மடிச்சு நூல் ஓட்டி, ஓரத்தோட ஓரம் சின்னச் சின்னத் தையலா சேக்கிறது. ஓரத்துக்கு விடுறதையும் சேத்து ஒரு அறுகோணத்துக்கு இரண்டரை இன்ச் துணி போதும், அப்ப ஒரு 5 இன்ச் சதுரத்துல நாலு கெடைக்கும், ரெண்டு சதுரத்துல எட்டு, நடுவுல ஒண்ணு சுத்தி ஆறு வச்சா ஒரு பூ ஆச்சு, ஒண்ணு மிச்சம். தாளுக்கு காசு குடுக்க வேணாம், போன வருஷத்து மாதக் காலண்டர் தாளு நல்ல கெட்டியா இருக்கும். பஸ்ஸுக்கு காத்திருக்கையில, ஆஸ்பத்திரியில நம்பர் கூப்பிடுற வரைக்கும், ஃபெரியில பட்டர்வொர்த்துக்கும் ஜார்ஜ்டவுனுக்கும் போய்வர்றப்ப, கைப்பையில வச்சு தைக்கலாம். ஊசி குத்தி வைக்கிற குட்டிக் குஷன் தைச்சா மட்டும் ஒரு விஷயம் பாத்துக்குங்க, உள்ள அரிசி போடச் சொல்லி வெளிநாட்டு வீடியோவுல சொல்வாங்க, நம்ம ஊர் வெக்கைக்கு வண்டு வந்துடும், தைச்சு மிஞ்சின துணித் தூளையே அமுக்கி அடைங்க.

டிசைன் பொறுக்குறதப் பத்தியும் சொல்லணும். பெரிய பூ போட்ட துணிய இரண்டரை இன்ச்சுக்கு வெட்டினா பூவும் தெரியாது, இலையும் தெரியாது, ஏதோ கறை மாதிரி நிக்கும், அத முழு 5 இன்ச்சாவே நடுவுல விடுங்க, பொடிப் புள்ளிய வெட்டுங்க. எது வெளிர் எது அடர்த்தின்னு சந்தேகம் வந்தா ஃபோன்ல கறுப்பு வெள்ளையில ஒரு படம் எடுத்துப் பாருங்க, கண்ணு ஏமாந்ததெல்லாம் அதுல தெரிஞ்சுடும். கஜக்கணக்குல வாங்கினா துணி ஓரத்துல கரையில வட்ட வட்டமா கலர்ப் புள்ளி அச்சடிச்சிருப்பாங்க, அந்த டிசைனுக்கு என்னென்ன கலர் போட்டாங்கங்கிறது அது, அந்த ஓரத்த வெட்டி எறிஞ்சுடாம பர்ஸ்ல வச்சுக்கிட்டு ஜார்ஜ்டவுன்ல லெபோ பசார் பக்கமோ, கோலாலம்பூர்ல ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் பக்கமோ போனீங்கன்னா, சேர்ற சாதா காட்டன இங்கயே எடுத்துக்கலாம், எல்லாத்தையும் வெளிநாட்டுலருந்து வரவழைக்கணும்னு இல்ல. வெட்டி வர்ற கட்ட மட்டும் தைக்கிறதுக்கு முன்னாடி துவைக்காதீங்க, ஓரம் பிரிஞ்சு அளவு போயிடும்.

இன்னொண்ணு, புது கலெக்‌ஷனோட நம்ம ஊர் துணியையும் கலந்து தைங்க. கிளந்தான், திரங்கானு பாத்தேக் சாரோங் காட்டன்ல வர்றது, மெழுகு வச்சு சாயம் போட்டதா இருந்தா ரெண்டு பக்கமும் கலர் ஏறியிருக்கும், அதனால எந்தப் பக்கம் மேலன்னு பாக்க வேண்டியதில்ல, இறக்குமதி பூ டிசைனுக்கு நடுவுல ஒரு பாத்தேக் துண்டு வச்சா மொத்தமும் உயிர் வந்த மாதிரி ஆகும். கைலித் துணிக் கட்டமும் அப்படித்தான், பொடிப் பூவுக்குப் பக்கத்துல அந்தக் கோடு நல்லா எடுக்கும். ஆனா சாயம் பாத்தாகணும், வெள்ளைத் துணிய நனைச்சு அந்த சாரோங் மேல அழுத்தித் தேய்ங்க, கலர் ஒட்டிச்சுன்னா முதல்ல நல்லா அலசிக்கிட்டு அப்புறம் வெட்டுங்க, சிவப்பையும் ஊதாவையும் நம்பவே கூடாது. மெழுகு இன்னும் ஒட்டியிருந்தா மேலயும் கீழயும் தாள் வச்சு சூடா இஸ்திரி போட்டா தாள் இழுத்துக்கும். பட்டு ரவிக்கைத் துண்ட காட்டனோட சேக்காதீங்க, துவைக்கிறப்ப ரெண்டும் ஒரே மாதிரி சுருங்காது.

இப்ப அந்த அம்மாவோட முக்கியமான கேள்விக்கு வர்றேன், நல்ல துணிய எந்த ஊர்லயாவது வெட்டி ஒட்டுவாங்களான்னு. பினாங்குல பர்மா லேன்ல எதிரும் புதிருமா சயாமிய புத்தக் கோயிலும் பர்மிய புத்தக் கோயிலும் இருக்கு, நம்மாளுங்களும் போய்ட்டுத்தான் வர்றாங்க. அங்க உள்ள சாமியாருங்க போட்டிருக்கிற காவித் துணிய கிட்டக்க பாத்திருக்கீங்களா, அது ஒரே துணி கெடையாது. புத்தர் மகத நாட்டு நெல்வயலையும் வரப்பையும் காட்டி, இந்த மாதிரி துணி அமைக்க முடியுமான்னு ஆனந்தர்கிட்ட கேட்டதாவும், ஆனந்தர் வெட்டிச் சேத்துத் தைச்சுக் காட்டினதாவும் அந்த சாமியாருங்களுக்கு விதி சொல்ற விநய நூல்ல இருக்கு. இன்னிக்கு வரைக்கும் புதுசா காணிக்கை வந்த நல்ல துணியையும் வெட்டி வயல் வரப்பு மாதிரி சேத்துத்தான் அந்த ஆடைய தைக்கிறாங்க. வெட்டின துணிக்கு சந்தையில விலை இல்ல, திருட ஆள் வராது, உடுத்துறவங்களுக்கும் பெருமை ஏறாதுன்னு காரணம் சொல்வாங்க. இதவிட பழைய, மரியாதையான பேட்ச்வொர்க் நான் கேள்விப்பட்டதில்ல.

நம்ம பக்கம் வந்தா தேர்ல தொங்கவிடுற தொம்பை இருக்கே, தஞ்சாவூர் கும்பகோணம் பக்கம் தைக்கிறது, சிவப்பு, பச்சை, மஞ்சள், வெள்ளைன்னு புதுத் துணியிலதான் தாமரையும் கிளியும் யாளியும் வெட்டி வச்சுத் தைப்பாங்க. சாமி தேருக்குப் புதுத் துணிய வெட்டினா அழகு, வீட்டுக் குஷனுக்கு வெட்டினா கேடுன்னு எப்படி சொல்றது.

இன்னும் கிட்டக்க சொல்றேன். 1942ல சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போனதும் சாங்கி சிறையில அடைச்சு வச்ச வெள்ளைக்காரப் பொம்பளைங்க, மலாயாவுலருந்து தப்பிப் போய் அங்க மாட்டினவங்களும் அதுல உண்டு, ஆளுக்கொரு சின்னச் சதுரத் துணியில பேரு, பூ, வீடு, ஏதோ ஒரு சேதின்னு ஊசியால தைச்சு, எல்லாத்தையும் சேத்து மூணு குவில்ட் பண்ணாங்க, ஒவ்வொண்ணுலயும் 66 சதுரம். எத்தல் மல்வனிங்கிற கனடாக்கார அம்மா குடுத்த யோசனை. ஆம்பளைங்க வேற பக்கம் அடைபட்டுக் கெடந்தாங்க, உசுரோட இருக்காங்களான்னு ஒருத்தருக்கொருத்தர் தெரியாது, குவில்ட் ஆம்பளைங்க பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போச்சுன்னா அதுல உள்ள பேரப் பாத்து சேதி போகும்னு செஞ்சது, ஜப்பான்காரன் தடுக்கக் கூடாதுன்னு காயம்பட்ட ஜப்பான் சிப்பாய்ங்களுக்குன்னும் ஒண்ணு தைச்சாங்க. அதுல ரெண்டு இப்ப ஆஸ்திரேலியப் போர் நினைவகத்துல இருக்கு, ஒண்ணு பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்துக்கிட்ட. கைக்குட்டைய விட சின்னத் துண்டு ஒவ்வொண்ணும். அந்தப் பொம்பளைங்க ஒரு முழுப் போர்வை தைக்கணும்னு உக்காந்திருந்தா முடிஞ்சிருக்காது, ஆளுக்கு ஒரு சதுரம்னதாலதான் முடிஞ்சுது.

இதெல்லாம் ஏன் உங்களுக்கு எழுதுறேன்னா ஆசிரியர் ஐயா, ஒரு வேண்டுகோள் இருக்கு. நம்ம வீடுகள்ல எத்தனையோ கால்ல மிதிக்கிற கறுப்பு சிங்கர் மிஷின் பூந்தொட்டி வைக்கிற மேசையா நிக்குது. நேர்த்தையல் மட்டுந்தான் போடும்னு ஒதுக்கி வச்சுட்டாங்க, ஆனா பேட்ச்வொர்க்குக்கு வேண்டியதே நேர்த்தையல்தான், ஊசி எறங்குற ஓட்டை சின்னதா இருக்கிறதால துணி ஓரம் உள்ள போய் மாட்டாது, ஊசியிலருந்து கால் இன்ச் தள்ளி தகட்டு மேல ஒரு டேப் ஒட்டிட்டா ஓரம் தப்பவே தப்பாது. அந்த மிஷின்ல காலம் பூரா பள்ளிக்கூட யூனிஃபார்மும் ரவிக்கையும் தைச்ச அம்மாக்கள் நம்மள்ல நெறைய பேரு, கை இன்னும் மறந்திருக்காது. அவங்களுக்கு இல்லாதது செய்முறை. அளவெல்லாம் இங்கிலீஷ்ல, அதுவும் சுருக்கெழுத்துல வருது, வீடியோ வேகமா ஓடுது, பேத்திகிட்ட கேட்டா அவளுக்கு வேலை. தமிழ்ப் பேப்பர் மட்டும் படிக்கிற ஒரு அம்மா எங்க போய் கத்துக்குவாங்க?

சமையல் குறிப்புக்கு அரைப் பக்கம் குடுக்குறீங்க, கோலத்துக்கு எடம் குடுக்குறீங்க, ஞாயிறு பதிப்புல அதுக்குப் பக்கத்துல உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பேட்ச்வொர்க் குறிப்பு போடுங்களேன், வாரம் ஒரு சின்னச் சாமான். தீபாவளிப் பலகாரத் தட்ட மூடுற துணி, அடுக்குச் சட்டிப் பை, பூஜை மணிக்கு அடியில வைக்கிற மேட், பேரப்பிள்ளை ஏணைக்கு தொங்கவிடுற துணிப் பறவைன்னு நம்ம வீட்டுக்குத் தோதா நெறைய இருக்கு. புது கலெக்‌ஷன் வாங்க முடியாதவங்க மிஞ்சின துணியில தைக்கட்டும், வாங்கினவங்க அத பயமில்லாம வெட்டட்டும், அளவு ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். குறிப்புங்கள நானே எழுதி அளவு சரிபாத்து அனுப்பி வைக்கிறேன், அதுக்கு சன்மானம் எதுவும் வேணாம்.

படம் போடுறப்ப மட்டும் ஒரு விஷயம் உங்க பக்கம் வடிவமைக்கிறவங்ககிட்ட சொல்லிடுங்க. அறுகோணத்தையோ முக்கோணத்தையோ அச்சுக்கு சுருக்கிட்டா தைக்கிறவங்களுக்கு எல்லாம் தப்பாப் போயிடும், அதனால ஒவ்வொரு படத்துக்குப் பக்கத்துலயும் சரியா 1 இன்ச்னு ஒரு கோடு போட்டு, ஸ்கேல் வச்சு அளந்து பாத்துட்டு வெட்டுங்கன்னு ஒரு வரி போட்டுடுங்க. பேப்பரையே துணி மேல வச்சு வெட்ட வேணாம்னும் போடணும், மை வெளிர்த் துணியில ஒட்டிக்கும், காலண்டர் தாள்ல எடுத்துக்கிட்டு அத வச்சு வெட்டச் சொல்லுங்க.

இப்படிக்கு,
தையல் வாசகி ஒருத்தி,
பட்டர்வொர்த், பினாங்கு.